பூவாடைப் படையலில் உன் அப்பா சொன்னது

தம்பி, இதை மீட்டிங் நடுவே மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு படிக்காதே. ஜொகூரில் நீ தங்கியிருக்கும் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படி. நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று காலை தேத்தண்ணீரில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டு உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவரும் பாதி குடித்துவிட்டார். நேற்று நீ போனில் ‘படையல் ஓகேவா மா?’ என்று கேட்டாய். நானும் ஓகே ஓகே என்று சொல்லி வைத்துவிட்டேன். அது ஓகே இல்லையடா. கிள்ளான் வீட்டில் நான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து நடக்காத ஒன்று நேற்று நடந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் ‘சரிமா, அப்புறம் பேசறேன்’ என்பாய், அதனால் எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் எழுதி முடித்ததும் நம் குடும்ப வாட்சாப் குழுவிலும் போடப்போகிறேன். செமினியில் இருக்கும் உன் அத்தை கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினால் வெளியேறட்டும். திரும்பச் சேர்க்க எனக்குத் தெரியும்.

உனக்குப் பூவாடை என்றால் அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும்தான். நம் குடும்பத்தில் கல்யாணம் வந்தால், கணவன் உயிரோடிருக்கும்போதே பூவோடும் பொட்டோடும் இறந்துபோன பெண்களை முதலில் வீட்டுக்கு அழைத்துப் படையல் போடுவோம். அவர்களைத்தான் பூவாடைக்காரி என்கிறோம். புதுப் புடவை, பூ, வளையல், மஞ்சள், குங்குமம், அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் இலையில் வைத்து, பூசாரி உடுக்கை அடித்து வா தாயே என்று கூப்பிடுவார். பிறகு அந்தப் புடவை வீட்டுக்கு வரப்போகும் மருமகளுக்குப் போகும். எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். செத்துப்போனவளை மறக்காமல் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறோம், எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? ஆனால் நம் வீட்டில் கூப்பிடப்படுகிறவள் எப்படிச் செத்தாள் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சின்ன வயதில் நீ கேட்டாய். உன் பெரியம்மா சாமியாகிவிட்டார் என்றேன். எப்படி சாமியானார் என்று கேட்டாய். உன் வாயில் இன்னொரு அதிரசத்தைத் திணித்தேன். அடுத்த மாதம் நீ மாலை மாற்றப்போகிறாய், இனி அதிரசம் வேலைக்கு ஆகாது.

தேவகி அக்காவை உனக்குத் தெரியாது, அப்போது நீ கைக்குழந்தை. உன் அப்பாவின் அண்ணன் மனைவி. நான் இரண்டாவது மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தபோது பயத்தில் சோற்றைக் குழைத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு அவளே அதைத் தயிர்சாதமாக்கி, ‘தங்கச்சி ஸ்பெஷலு’ என்று எல்லோருக்கும் போட்டாள். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலையில் தொழிற்சாலை வேன் வரும், பவுடர் போட்ட முகத்தோடு ஓடுவாள். பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடைகளில் அவள் நுழைந்தால் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள், அவ்வளவு பேரம். கிளிப்பச்சை நிறம் என்றால் உயிர். கறுப்பாக இருப்பவர்களுக்கு அந்த நிறம் எடுக்காது என்று யாராவது சொன்னால், ‘எனக்கு எடுக்குதுலா, ஒங்க கண்ணுக்குத்தான் எடுக்கல’ என்பாள். இப்படி ஒரு மனுஷியைத்தான் நாங்கள் கண்ணை மூடிக் கைகூப்பும் சாமியாக்கி வைத்திருந்தோம்.

உன் பெரியப்பா அவளை அடிப்பார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி பொறுமை இல்லை. வேனுக்காகக் காத்து நின்றபோது யாரோடோ சிரித்தாள் என்று அடிப்பார், ஓவர்டைம் செய்து தாமதமாக வந்தாள் என்று அடிப்பார். அவள் போலீஸ் நிலையத்துக்குப் போனாள், ஒருமுறைக்கு மேல் போனாள். குடும்ப விவகாரம், வீட்டில் பேசித் தீர்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பேசினாள். புருஷன் பெண்டாட்டி என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று உன் செமினி அத்தை பூசி மெழுகினாள். கடைசியில் மேருவில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாள். மகள் புவனாவின் பள்ளிச் சீருடையையும் தன் துணியையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு கிளம்பிய அன்று, நாங்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில், அந்த வாசலைத் தாண்டுவதற்கு முன், அவர் அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றார். புவனா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அம்மா வந்து அழைத்துப்போவாள் என்று காத்துக்கொண்டு. இதுதான் நடந்தது. இணையத்தில் ஏதோ பழைய செய்தியைப் பார்த்துவிட்டு நீ ஒரு நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அன்றே சொல்லியிருக்கலாம். போகட்டும்.

அதன் பிறகு நாங்கள் செய்தது இருக்கிறதே, அது நம் ஆட்களால் மட்டும்தான் முடியும். கணவன் உயிரோடு இருக்கிறான் அல்லவா, லாக்கப்பில் இருந்தாலும் உயிரோடுதானே இருக்கிறான், ஆகவே அவள் சுமங்கலியாம். அவளுக்கு மஞ்சள் பூசி, சிவப்புக் கூறைப்புடவை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். அவர் கட்டிய தாலியைக் கழுத்தில் எடுத்து நேராக விட்டார்கள், அந்தக் கழுத்திலேயே. தடம் தெரியக்கூடாது என்று மாலையை மேலே ஏற்றிப் போட்டார்கள். பிறகு பெண்கள் வரிசையாக வந்து, இவளைப்போல நாமும் பூவோடு பொட்டோடு போகவேண்டும் என்று அவள் காலைத் தொட்டுக் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும்தான் வரிசையில் நின்றேன். சின்னப் பெண் புவனா மட்டும், அம்மாவுக்கு அந்தச் சிவப்புப் புடவை வேண்டாம், பச்சைதான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே அவளுடைய தாய்மாமன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார், அவள் இந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

கோர்ட்டில் கொலைக் குற்றம் நிற்கவில்லை. திடீர்க் கோபத்தில் நடந்துவிட்டது என்று ஆகி, சில வருடம் உள்ளே இருந்துவிட்டு உன் பெரியப்பா வெளியே வந்தார். டெங்கிலில் ஒரு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறார். ஆனால் குடும்பத்தில் மூத்தவர் அவர்தானே? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பூவாடைப் படையலில் தேவகி அக்காவுக்குப் புடவை வைத்துக் கற்பூரம் காட்டுவது அவர்தான். கொன்றவர் கையால் புடவை, கொல்லப்பட்டவள் பெயரால் ஆசீர்வாதம். நீயும் அவர் காலில் விழுந்து ஆங்பாவ் பணம் வாங்கியிருக்கிறாய். அதை நினைத்து இப்போது கூசாதே, அனுப்பினது நாங்கள்.

சரி, சந்தோஷமான இடத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. கல்யாணத் தேதி குறித்ததும் நாத்தனார் முடிச்சு யார் போடுவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன், உனக்குக் கூடப்பிறந்த பெண் யாரும் இல்லையே என்று. நீ மிகச் சாதாரணமாக, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, ‘புவனா அக்கா போடுவாங்கமா, நீங்க கேளுங்கலா’ என்றாய். இன்ஸ்டகிராமில் அவளைத் தேடிப் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, அக்கா தம்பி என்று உறவு கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். கள்ளப்பயல். அன்று உன்னைத் திட்டினேன், இன்று அந்தத் திட்டு எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். பெரியப்பாவின் மகள் உனக்கு அக்காதான், முறைப்படி அந்த முடிச்சு அவளுடையதுதான். எங்கள் யாருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது.

போன வாரம் நான் அவளைப் பிரிக்பீல்ட்ஸில் போய்ப் பார்த்தேன், நிஷாவையும் கூட்டிக்கொண்டு. நம் வீட்டுக்கு வரப்போகிறவள் எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். புவனா சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தபோது தேவகி அக்காவையே பார்த்ததுபோல் இருந்தது, அதே நிறம், அதே நடை. பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாளாம், என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னாள். பிறகு தேத்தாரிக் வந்தது, அதை ஆற்றிக்கொண்டே தன் மனதில் இருப்பதைச் சொன்னாள். அவள் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது.

“நான் வரேன் சித்தி. தம்பிக்காக வரேன். ஆனா எங்கம்மாவ சாமியா கும்பிட்டது போதும். அவங்கள அவரு கொன்னாருன்னு அந்தப் படையல்ல, எல்லாரும் இருக்கும்போது, நம்ம வீட்டாளு ஒருத்தர் வாயால சொல்லணும். அத நான் கேக்கணும். அவ்வளவுதான்.”

நான் சொல்கிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் மருமகளாக வந்தவள், நான் சொன்னால் வந்தவள் வாய் நீளம் என்று முடித்துவிடுவார்கள், அந்த ரத்தத்தில் பிறந்த யாராவது சொல்லவேண்டும் என்றாள். நியாயம்தான். ஆனால் அந்த ரத்தத்தில் பிறந்து மீதி இருப்பது செமினி அத்தையும் உன் அப்பாவும். அத்தை சொல்லமாட்டாள். உன் அப்பாவோ கடையில் தவறான மீனைக் கட்டிக் கொடுத்தால்கூட மாற்றிக் கேட்காத மனுஷன். இது நடக்காவிட்டால் புவனா வரமாட்டாள், இந்தமுறை போனால் எப்போதும் வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றே புவனா எங்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். பெண்கள் நடத்தும் ஓர் அமைப்பு, சின்ன மாடியறை, பிளாஸ்டிக் நாற்காலி. நான் சும்மா துணைக்குப் போனேன், ஆனால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இது குடும்பத் தகராறு இல்லை, மனித உரிமைப் பிரச்சினை என்று அங்கே ஒரு பெண் பேசினாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவ்வளவு பெரிய வார்த்தைக்கும் நம் கிள்ளான் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று. பிறகு யோசித்தேன். பெரியப்பாவுக்கு லோரி டிப்போவில் சூப்பர்வைசர் மேல் தினமும் கோபம் வரும், ஒருநாளும் கை நீளவில்லை. ரோட்டில் குறுக்கே வந்து இடித்தவன் மேல் நீளவில்லை. மனைவி, தன்னுடையவள், தன்னை விட்டுப் போகிறாள் என்றதும் மட்டும் நீண்டது. அப்படியென்றால் அவள் செத்தது கோபத்தால் இல்லை, அவள் ஒரு பெண், அவனுக்குச் சொந்தமான பொருள், போகக்கூடாது என்ற நினைப்பால். அவள் காப்பாற்று என்று கேட்டு வந்தபோது வீட்டுக்குப் போ என்ற போலீஸ்காரருக்கும் இதில் பங்கு இருக்கிறது, பேசித் தீர்த்துக்கொள் என்ற சொந்தக்காரர்களுக்கும் இருக்கிறது. உயிரோடு இருக்க அவள் யாரிடமும் உத்தரவு வாங்கவேண்டியதில்லை. அது அவள் பிறந்தபோதே அவளுடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருடமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்?

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். புவனா கேட்டது இது, நீங்கள்தான் சொல்லவேண்டும், ஒரே ஒரு வாக்கியம் என்றேன். அவர் பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், ஊற்றிக்கொண்டே இருந்தார், தொட்டி நிரம்பி வழிந்து செருப்பு நனைந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். அந்த வாரம் முழுக்க நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

நேற்று படையல் நாள் வந்தது. இரு, வரிசையாகச் சொல்கிறேன். சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஹாலில் கோலம் போட்டு, இலை விரித்து, தேவகி அக்காவுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பும் வைத்தேன். சாமிக்கு நெத்திலியா என்று செமினி அத்தை முகத்தைச் சுளித்தாள், சாமிக்கு இல்லை, அக்காவுக்கு என்றேன். புடவையைச் செமினி அத்தை வாங்கி வந்திருந்தாள், வழக்கம்போலச் சிவப்பு. நிஷா தன் அம்மாவோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் இங்கே வரலாமா என்று அதற்கும் அத்தை ஒரு பாட்டம் ஆடினாள். உன் பெரியப்பா டெங்கிலிலிருந்து வந்து, முன்வரிசையில் பலகை போட்டு உட்கார்ந்தார். தலை நரைத்து, முதுகு வளைந்து, பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். அந்தப் பாவத்தில்தான் நாம் எல்லோரும் இத்தனை காலம் விழுந்துகிடந்தோம். புவனா வெளியே தெருவில் காருக்குள் இருந்தாள், ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு. வாசல் கதவு, அதற்கு வெளியே இருக்கும் இரும்புக் கிரில் கதவு இரண்டையும் நானே அகலத் திறந்து வைத்திருந்தேன், அவள் காதில் விழவேண்டும் என்று.

பூசாரி அண்ணன் உடுக்கை எடுத்தார். வழக்கப்படி அவர் முதலில் வீட்டாரைப் பார்த்துக் கேட்பார்: யாரைக் கூப்பிடுகிறோம், எப்படிப் போனார்கள்? மூத்தவர், தேவகி, பூவோடும் பொட்டோடும் போனாள் என்று சொல்லவேண்டும், உடனே உடுக்கை கிளம்பும். நேற்றும் கேட்டார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்போது கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த உன் அப்பா முன்னால் வந்தார், தம்பி. இந்த மனுஷன் நடந்து வருவதைப் பார்த்து நான் கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

“அண்ணி பூவோட போகல,” என்றார். “எங்கண்ணன் கொன்னுதான் போனாங்க.”

நான் கேட்ட வாக்கியம் அது, முடிந்தது என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. அதற்கு மேல் அவர் சொன்னதை, அவரோடு இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்த நானும் நேற்றுத்தான் முதன்முறையாகக் கேட்டேன்.

“கிரில்ல பூட்டிட்டுத்தான் கொன்னாரு. வீட்டுப் பூட்டு இல்ல, அவரு மோட்டார்சைக்கிள் சங்கிலிய எடுத்து உள்பக்கமா சுத்திப் பூட்டுனாரு, அண்ணி வெளிய போகக்கூடாதுன்னு. அந்தச் சங்கிலிய அறுத்து உள்ள போனது நான். கோர்ட்டுல கதவு பூட்டியிருந்துச்சான்னு கேட்டாங்க. எங்க வீடுங்கள்ல கிரில் எப்பவும் பூட்டித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்.”

உனக்குப் புரிகிறதா? நம் ஊரில் யார் வீட்டில் கிரில் பூட்டாமல் இருக்கிறது? பகலிலும் பூட்டுவோம், குப்பை போட்டுவிட்டு வந்தாலும் பூட்டுவோம். அதனால் அந்த வார்த்தையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கோபம் கண்ணை மறைத்த மனுஷன் வெளியே போய் மோட்டார்சைக்கிள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்து, சுற்றிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்வானா? உன் அப்பாவுக்கு அது அன்றே தெரிந்திருக்கிறது. அண்ணனைக் காப்பாற்றிவிட்டு, அண்ணியைத் தினமும் அந்தக் கிரிலுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று கேட்காதே. அதே நிமிடத்தில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு நேற்றுவரை தெரியாது.

பெரியப்பா எழுந்தார். அது கோபத்தில் நடந்தது, தண்டனையும் அனுபவித்தாயிற்று, நல்ல நாளில் எதற்கு இது என்றார். செமினி அத்தை தலையில் அடித்துக்கொண்டு அதையே உரக்கச் சொன்னாள். உன் அப்பா குரலை உயர்த்தவில்லை. “நீங்க கெளம்புங்கண்ணே. கல்யாணத்துக்கும் வராதீங்க,” என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார், யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தார் போல. யாரும் தடுக்கவில்லை. திறந்திருந்த கிரில் வழியாக வெளியே போனார். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் காரிலிருந்து இறங்கி நின்ற மகளைப் பார்த்திருக்கிறார். அவள் அவருக்கு வழிவிட்டு நின்றாள், அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

பூசாரி அண்ணன் பாவம், உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பூவாடைக்காரி என்று கூப்பிட முடியாதே, பின்னே எப்படிக் கூப்பிடுவது என்று உண்மையாகவே கேட்டார். புவனா அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். “பேரச் சொல்லிக் கூப்பிடுங்க அங்கிள். தேவகி. பேரு சொன்னா வருவாங்க,” என்றாள். அவர் கூப்பிட்டார். அந்த வீட்டில் அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் அலமாரிக்கு ஓடி, பிரிக்பீல்ட்ஸில் வாங்கி ஒளித்துவைத்திருந்த கிளிப்பச்சைப் புடவையைக் கொண்டுவந்து, சிவப்பை எடுத்துவிட்டு அதை வைத்தேன். புவனா அதைப் பார்த்ததும்தான் அழுதாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், நிஷாவின் அம்மாவுக்கு இந்தக் குடும்பம் என்ன குடும்பம் என்று இருந்திருக்கும். படையல் முடிந்ததும் புடவையை நிஷாவிடம் நீட்டினேன். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, ‘இது அக்காவுக்குத்தான் ஆன்டி, எனக்கு வேற எடுத்துக் குடுங்க’ என்று புவனா மடியில் வைத்தாள். உன் தேர்வைப்பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இனி இல்லை.

செமினி அத்தை சாப்பிடாமல் போய்விட்டாள் என்றுதானே நினைக்கிறாய்? சாப்பிட்டாள். சமையலறையில் தனியாக உட்கார்ந்து, நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். தேவகி இதை இன்னும் கொஞ்சம் புளிப்பாக வைப்பாள் என்று சொன்னாள். அவளிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது, நான் கிளறவில்லை. உன் அப்பா இன்று காலை அந்த உப்புத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே, கோர்ட்டில் தான் சொன்னதைத் திருத்த இப்போது வழி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்கப்போவதாகச் சொன்னார். அதில் அவருக்கே வம்பு வரலாம். வரட்டும், நானும் கூடப் போகிறேன். அண்ணி பெயரில் ஒரு பொய் நிற்கிறது என்கிறார். போன வாரம் தொட்டியில் தண்ணீர் வழியவிட்ட மனுஷனுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

இன்னொன்று. சாயங்காலம் நிஷா கிளம்பும்போது அவர் திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் கையில் எதையோ வைத்து மூடினார். நம் வீட்டுக் கிரில் சாவி. பாசார் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் முந்தைய நாளே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவளுக்கு என்று தனியாக. பேச்சு வராத மனுஷன் உனக்குச் சொல்ல நினைக்கும் புத்திமதி முழுவதும் அந்தச் சாவிதான் என்று வைத்துக்கொள். நான் பேச்சு வருகிறவள், ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன். நீ நல்லவன், எனக்குத் தெரியும். உன் பெரியப்பாவையும் நல்லவர் என்றுதான் டிப்போவில் சொன்னார்கள். நிஷா உன்னோடு சண்டை போடுவாள், நீயும் போடுவாய், அது இல்லாமல் வீடு ஏது? ஆனால் ஒரு நாள் அவள், ‘நான் போறேன்’ என்று சொன்னால் வாசலை மறித்து நிற்காதே. கெஞ்சு, அழு, எனக்குப் போன் போடு, ஆனால் கதவை விட்டுத் தள்ளி நில். அவள் என்னிடம் வந்தால் நான் காரணம் கேட்காமல் சோறு போடுவேன். திருப்பி அனுப்பமாட்டேன். அதற்காக நீ என்மேல் கோபப்பட்டாலும் சரி, நான் உன் அம்மா, தாங்கிக்கொள்வேன். உன் கூட்டாளிகள் எவனாவது தன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று காதில் விழுந்தால் அது அவன் வீட்டு விஷயம் என்று சொல்லாதே. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஒருத்தியைப் பறிகொடுத்தோம்.

நீ வெள்ளிக்கிழமை வரும்போது நேராகக் கிள்ளானுக்கு வராதே, முதலில் புவனா வீட்டுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வா. கல்யாணப் பத்திரிகையில் ‘தேவகியின் மகள் புவனா’ என்று போடச் சொல்லிவிட்டேன், அச்சகத்துக்காரர் அப்பா பெயர் என்று கேட்டார், அம்மா பெயர் போதும் என்றேன். கல்யாணத்தன்று அவள் அந்தப் பச்சைப் புடவையில்தான் வருவாள். ஒன்றுக்கு மட்டும் பயப்படுகிறாள். தாலியைப் பார்த்தால் அம்மா கழுத்துத்தான் ஞாபகம் வரும், கை நடுங்கும், முடிச்சு போட நேரமாகிவிடும், எல்லோரும் பார்ப்பார்கள் என்றாள். அதைப்பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லியிருக்கிறேன். நீ முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள், அவளை அவசரப்படுத்தாதே, திரும்பிப் பார்க்காதே. மேளக்காரரிடம் நான் பேசிவிட்டேன். அவள் முடிச்சைப் போட்டு முடித்து நிமிரும்வரை, எவ்வளவு நேரமானாலும், கெட்டிமேளம் நிற்காது.